வேப்பிலை கட்டிய கடை

இங்கே கொடுக்கிற பிளேன்டீயில் சீனி காணாது. குறையாகச் சொல்லவில்லை டொக்டர், கவனித்ததைச் சொல்கிறேன். கொண்டுவருகிற தாதிப் பிள்ளை கதவைத் திறந்து, கோப்பையைத் தரையில் வைத்து, உடனே சாத்துகிறாள். முதலில் கொண்டி விழுகிற சத்தம் கேட்கும். பிறகுதான் அவள் நடந்துபோகிற சத்தம். அந்த ஒழுங்கு ஒருநாளும் மாறியதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருக்கிறீர்கள், டொக்டர் ஷஹீமா. உங்கள் போன் மேசையில் கிடந்து நான் பேசுவதைப் பதிவு செய்கிறது. பின்னால் பொலிஸ்காரர் நிற்கிறார். இந்த ஆஸ்பத்திரிக்கு என்னைக் கொண்டுவந்த நாளிலிருந்து நீங்கள் கேட்பது ஒரே கேள்வி. எத்தனை துணி கொண்டுவந்தீர்கள், அவை எங்கே. நானும் ஒரே பதில்தான் சொன்னேன். மூன்று. மூன்றும் கிடைத்துவிட்டன, எரித்துவிட்டோம் என்றீர்கள். ஆனாலும் வெளியே இன்னும் ஆட்களுக்கு இந்த நோய் வருத்தம் வந்துகொண்டிருக்கிறது. அதனால் இன்றைக்கு முழுக் கதையையும் கேட்கிறீர்கள்.

சொல்கிறேன். வரிசைப்படி சொல்வேன். இடையில் துணியைப் பற்றிக் கேட்டால் நிறுத்திவிடுவேன்.

என் பெயர் சிவபாலன். மட்டக்குளித் தொடர்மாடியில் இருக்கிறேன். மேசன் வேலை. கிணறு, மலகூடக் குழி, அத்திவாரம் என்று நிலத்துக்குக் கீழே போகிற வேலைக்கெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சின்ன வயதிலிருந்து குழிக்குள் நின்று மேலே பார்த்துப் பழகியவன். குழி வேலையில் ஒரு சட்டம் உண்டு. அதை யாரும் சொல்லித்தருவதில்லை. தோண்டும்போது மண்ணைப் பார்க்கக்கூடாது, ஏணியை வைத்திருக்கிறவனைப் பார்க்க வேண்டும்.

ஸாலிஹ் என்று ஒருவன் என்னோடு வேலை செய்தான். ஒரு மழை நாளில் இரண்டு பேரும் ஆழமான குழியொன்றில் நின்றோம். காலையில் சூப்பர்வைசர் எங்கள் தோளில் கை போட்டு, "ஒங்க ரெண்டு பேரையும் நம்பித்தான் இந்த வேலைய எடுத்தேன்" என்றான். பகல் சாப்பாட்டுக்கு முன் மேல்தட்டில் ஏதோ வேலைக்கு ஏணியை எடுத்துக்கொண்டு போனான். கரை இடிந்தது. எனக்கு முழங்கால் வரை மண். ஸாலிஹுக்குக் கழுத்து வரை. ஸாலிஹ் கத்தவில்லை. "பாலன், மேல யாராச்சும் தெரியிறாங்களா?" என்று மட்டும் கேட்டான். யாரும் தெரியவில்லை. பிறகு அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். சூப்பர்வைசர் பொலிஸில், மறந்துபோய்விட்டேன் என்றான். ஏணியை மறக்கலாம். குழிக்குள் நிற்கிற ஆளை எப்படி மறப்பது என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை.

இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. நான் எப்படி யோசிக்கிறவன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வினோதன் சேர் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டத் தொடங்கினார். வெள்ளவத்தைக்காரர், இன்ஜினியர். வேலையாட்களுக்கு வாங்குகிற சோத்துப் பார்சலையே தானும் சாப்பிடுவார். நல்ல மனுசன் என்று எல்லாரும் சொன்னார்கள். கெட்டவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். நல்லவன் என்ன செய்வான் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் நான் நல்லவர்களிடம்தான் கவனமாக இருப்பேன்.

சமையல் குசினியின் தரையை உடைத்தபோது கீழே கிணறு ஒன்று இருந்தது. மூடி வைத்து எத்தனை காலமோ. மோட்டரைப் போட்டுத் தண்ணீரை இறைத்தோம். கயிற்றில் மெழுகுதிரி கட்டி இறக்கிப் பார்த்தேன். அணையவில்லை, அப்படியென்றால் கீழே மூச்சு விடலாம். யார் முதலில் இறங்குவது என்ற பேச்சே வரவில்லை. நான்தான் இறங்கினேன்.

அடியில், சிவந்த கபுக்கல் சுவரில், ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. தவழ்ந்தேன். அந்தப் பக்கமும் ஒரு கிணறு. படி வெட்டியிருந்தது. ஏறிப்போய்த் தலையை வெளியே நீட்டினேன்.

கிணற்றுக்கு ஒரு வாய்தான் இருக்கும் டொக்டர். எத்தனையோ கிணறு வெட்டியிருக்கிறேன். இதற்கு இரண்டு வாய் இருந்தது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். கண்டதைச் சொல்கிறேன். மேடு அதே கொட்டாஞ்சேனை மேடுதான். கடலும் ஆற்றுவாயும் இருக்க வேண்டிய பக்கத்தில் இருந்தன. நடுவில் இருக்க வேண்டியது எதுவும் இல்லை. கோபுரம் இல்லை, கிரேன் இல்லை, வயர் இல்லை, பஸ் சத்தம் இல்லை. தென்னையும் ஓலைக் கூரையும் பாய்மரப் படகுகளும் இருந்தன. கள்ளுப் பானையோடு வந்த ஒருவன் என் மஞ்சள் ஹெல்மெட்டைக் கண்டு பானையைப் போட்டுவிட்டு ஓடினான்.

இதைச் சொன்னபோது முதல் நாள் நீங்கள் சிரித்தீர்கள். லெப் ரிப்போர்ட் வந்த பிறகு சிரிக்கவில்லை. உலகத்திலிருந்தே ஒழிந்துபோன பெரியம்மை வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டுக்குள் எப்படி வந்தது என்பதற்கு உங்களிடம் வேறு கதை இருந்தால் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நான் வந்து சேரிடம் சொன்னேன். அவரும் இறங்கிப் பார்த்தார். அடுத்த நாளே மற்ற வேலையாட்கள் எல்லாரையும் களனியில் இருந்த வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார். என்னை மட்டும் வைத்துக்கொண்டார். "பாலன் அண்ணை, இதை வீட்டிலயும் கதைக்க வேண்டாம்" என்றார்.

அப்போதே நான் கணக்குப் போடத் தொடங்கினேன். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று இனி ஒருவருக்கும் தெரியாது.

பிறகு அவருடைய மனைவி சிவானி மிஸ் வந்தா. வெள்ளவத்தையில் மணப்பெண் அலங்காரக் கடை வைத்திருப்பவ. கல்யாண உடுப்பும் பள்ளிக்கூட நாடகங்களுக்கு வேஷ உடுப்பும் வாடகைக்குக் கொடுக்கிற கடை. ஜீன்ஸோடு அங்கே போக முடியாது என்று, கடையிலிருந்து ஒரு பை நிறைய உடுப்புக் கொண்டுவந்தா. சேருக்கு மந்திரி வேஷம். அவவுக்கு ராணி. எனக்குச் சேவகன். அங்கே போயும் அதே உத்தியோகம்தான்.

அந்த முதல் பயணம் வீணாகப் போனது. வெயில் பட்டதும் எங்கள் உடுப்பெல்லாம் மினுங்கியது. ஒரு கிழவி மிஸ்ஸின் சேலையை இரண்டு விரலால் தேய்த்து, விரலை மணந்து பார்த்து, காறித் துப்பினாள். பிள்ளைகள் கூத்தாடிகள் என்று கத்திக்கொண்டு பின்னால் வந்தார்கள். பெரியவர்களும் சேர்ந்து வளைத்துக்கொண்டு ஆடச் சொன்னார்கள். தமிழ்தான் பேசினார்கள், பாதி விளங்கியது. சேருக்கு ஆடத் தெரியாது. ஆடாத கூத்தாடிக்குக் கல்லெறி விழும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம். ஓடிவந்து கிணற்றுக்குள் விழுந்தோம்.

மேலே வந்ததும் மிஸ் சிரித்துச் சிரித்து மூச்சுத் திணறினா. "மந்திரியாரே, ஒரு பாட்டாவது படிச்சிருக்கலாமே" என்று சேரைக் கேலி செய்தா. பிறகு சொன்னா: "அவையள் கட்டுற துணியே வேணும். அதைக் கட்டினாத்தான் ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

"வாங்க எங்களிட்ட என்ன இருக்கு?" என்றார் சேர்.

"ஆர் வாங்கச் சொன்னது? எடுப்பம். கட்டிப்போட்டுத் திருப்பிக் கொண்டுபோய் வைப்பம். வாடகைக்கு எண்டு நினையுங்கோவன்."

இவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. களவு எடுக்கும்போதும் திருப்பிக் கொடுப்பதைப் பற்றிக் கதைத்தார்கள். அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

சேர் தனியே ஒருமுறை போய், புதருக்குள் இருந்து பார்த்துவிட்டு வந்தார். துறைமுகத்துக்கு இறங்குகிற பாதையில் ஒரு புடவை வியாபாரியின் கடை இருக்கிறதாம். வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறதாம். ஒருவரும் உள்ளே போகவில்லையாம், பாதையில் போகிறவர்கள்கூட மற்றப் பக்கத்தால் போகிறார்களாம்.

"அம்மாள் வருத்தம் போல" என்றா மிஸ். "எனக்குப் பள்ளிக்கூடத்திலயே வந்து போட்டுது. உங்களுக்கும் வந்ததுதானே?"

"ஓம், சின்னனில. அம்மா ஒரு மாசம் வெளியில விடேல்லை."

"பிறகென்ன. ஒருக்கா வந்தா இன்னொருக்கா வராது. ஆளில்லாத கடை, நல்லதாப் போச்சு."

அவர்களுக்கு வந்தது சின்னம்மை. இருவருக்கும் வேப்பிலை என்றால் அதுதான். வேறொன்று இருந்தது என்பதை அவர்களுடைய வயதில் யாரும் நினைப்பதில்லை. நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன். அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

போக வேண்டிய நாளுக்கு முதல் நாள், பகல் சாப்பாட்டு நேரம், தகரக் கொட்டிலுக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே இரண்டு பேரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மோட்டரை நிறுத்தினால் தண்ணீர் ஊறி ஓட்டையை மூடிவிடும், திரும்ப இறைத்தால் ஓட்டை பழையபடி அங்கேயே போகுமா, வேறெங்காவது போகுமா என்பதுதான் பேச்சு.

"ஒராள் அங்க நிண்டாத்தான் விளங்கும்" என்றார் சேர்.

"பாலன் அண்ணைக்குச் சொல்லிட்டீங்களோ?"

"இன்னும் இல்லை. போகேக்க சொல்லுவம். இப்ப சொன்னாப் பயப்படுவார்."

நான் கையைக் கழுவி முடித்தேன். உள்ளே போய்ப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டேன். அன்றைக்கு மீன் குழம்பு. மிஸ் தன் பொரியலில் பாதியை எனக்கு வைத்தா. அவ எனக்கு அதற்கு முன் ஒருநாளும் பொரியல் வைத்ததில்லை.

இந்த இடத்தில் நீங்கள் என்னைப் போல யோசித்துப் பார்க்க வேண்டும். மூன்று பேர் போகிறோம். இரண்டு பேர் வந்து மோட்டரை நிறுத்துகிறார்கள். ஒருவன் அந்தப் பக்கம், எந்தக் காலமென்று தெரியாத ஊரில், தண்ணீர் நிறைந்த கிணற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்த ஒருவன் யாராக இருப்பான்? இன்ஜினியரா, இன்ஜினியரின் மனைவியா, மேசனா? நான் வேலைக்கு வந்த காலத்திலிருந்து இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்திருக்கிறது.

அடுத்த நாள் டாங்கி நிறைய டீசல் ஊற்றி மோட்டரைப் போட்டுவிட்டு இறங்கினோம். மேலே பழைய சாக்கைப் போர்த்திக்கொண்டு, பற்றைப் புதருக்குள்ளால் கடையின் பின்பக்கம் போனோம். வேப்பங்கொத்து முன்வாசலிலும் பின்வாசலிலும் கட்டியிருந்தது. சேர் என்னைப் பார்த்தார். நான்தான் முதலில் உள்ளே போனேன். எந்தக் குழிக்கும் நான்தானே முதல்.

முன்னறையில் புடவைக் கட்டுகள் அடுக்கியிருந்தன. வெள்ளை, சாயம் போட்டது, பூ அச்சடித்தது. பின்னறையில் அந்த வியாபாரி வாழையிலையில் படுத்திருந்தார். மேலே மெல்லிய, நல்ல வேலைப்பாடுள்ள ஒரு போர்வை. கிட்டப் போய்ப் பார்த்தேன்.

மட்டக்குளியில் ஐஸ் பெக்டரி வாசலில் முந்தி ஒரு கிழவன் காவலுக்கு இருந்தான். முகம் கொத்திய அம்மி போல இருக்கும், ஒரு கண் வெள்ளை. வீட்டில் எல்லாரையும் அம்மை கொண்டுபோய்த் தான் மட்டும் மிஞ்சினதாகச் சொல்வான். எப்படியிருந்தது என்று கேட்டால், முகத்தில் இடைவெளியே இல்லை, உள்ளங்காலிலும் வந்தது, நடக்க முடியாது என்பான். அந்தக் கிழவனின் கதை எனக்கு முன்னால் வாழையிலையில் கிடந்தது. உள்ளங்காலைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, என் சட்டைக் கைக்கு மேலால் என் தோளைத் தடவிப் பார்த்தேன். என் வயது ஆட்களுக்கு அம்மைப்பால் குத்திய தழும்பு இருக்கும். முதல் நாளே அதை அளந்து எழுதினீர்கள், நினைவிருக்கிறதா. வெளியே நின்ற இருவருக்கும் அது இருக்க நியாயமில்லை. அவர்கள் பிறக்கும்போது குத்துவதை நிறுத்திவிட்டார்கள்.

அந்த மனுசன் கண் திறந்து என்னைப் பார்த்தார். தண்ணீர் கேட்டார். பக்கத்தில் மண்சட்டியில் இருந்தது, எடுத்துப் பருக்கினேன். நான் யாருக்கும் தண்ணீர் இல்லையென்று சொன்னதில்லை. குடித்துவிட்டு, என் கையில் இருந்த வெறும் சாக்கைப் பார்த்தார். நான் எதற்கு வந்தேன் என்று அவருக்கு விளங்கியது. கோபப்படவில்லை.

"புடவை தொடாதே அப்பா" என்றார். "தொட்டால் உனக்கும் வரும். போய்விடு."

களவெடுக்க வந்தவனிடம் அப்படிச் சொன்னார். நல்ல மனுசன். ஆனால் அவர் எங்கும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, அதனால் அவர் நல்லவராக இருப்பது சுலபம்.

நான் வெளியே போய்ச் சேரிடம் சொன்னேன். "ஒண்ணும் இல்ல சேர். ஆள் இல்ல. வாங்க."

இவ்வளவுதான் நான் சொன்னது. பொலிஸ்காரர் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். இதைச் சொல்வதற்கு முன் என்ன நினைத்தாய் என்று. நான் இப்படி நினைத்தேன்: என்னை இங்கே விட்டுவிட்டுப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது. விடாமல் கூட்டிக்கொண்டு போனால், அது வேறு. அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பின்னறைக் கதவை நான் சாத்திவிட்டேன். அவர்கள் முன்னறையில் நின்று உடுப்புத் தெரிந்தெடுத்தார்கள். மிஸ் தன் கடையில் நிற்பது போலவே நின்றா. ஒவ்வொன்றையும் விரித்து, தோளில் போட்டு, முகத்தோடு சேர்த்துப் பிடித்து நெய்த விதத்தைப் பார்த்தா. சேருக்கு இடுப்புத் துணி கட்டத் தெரியவில்லை. நான் கட்டிவிட்டேன். அதன் மிச்ச முனையையும் நானே கழுத்தைச் சுற்றிப் போட்டேன். எனக்கு, பாயில் சுற்றி மேல்தட்டில் வைத்திருந்த ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

"இதைவிட நல்லது ஒண்டும் உள்ளுக்கு இல்லையோ பாலன் அண்ணை? நெசவு பாக்கத்தான். கடைக்கு ஒண்டு இப்படிச் செய்விக்கலாம்" என்றா மிஸ்.

"இருக்கு மிஸ்" என்றேன்.

நான் உள்ளே போய் அந்த மனுசனின் மேலிருந்த போர்வையை எடுத்தேன். ஓரம் சில இடங்களில் ஒட்டியிருந்தது, மெதுவாகத்தான் எடுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்து மடித்து, உட்பக்கம் உள்ளே போகும்படி மடித்து, கொண்டுபோய்க் கொடுத்தேன். மிஸ் எனக்கு நன்றி சொன்னா.

ஆம். நாலாவது. வரிசைப்படி சொல்வேன் என்றேன். இருங்கள்.

அன்றைக்கு ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கரை வரை நடந்தோம். படகுகளில் இருந்து சாமான் இறக்குகிற நாட்டாமைகளைப் பார்த்தேன். முதுகில் சாக்கு, வாயில் வசவு, பக்கத்தில் நிழலில் நிற்கிற ஒருவன் கையில் பிரம்பு. எல்லாம் நம்முடைய புறக்கோட்டைச் சந்தைதான். மிஸ் சின்னப் பிள்ளை போல எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தா.

திரும்பிக் கிணற்றடிக்கு வந்தோம். சேர் நின்றுவிட்டார். எங்களைப் போகச் சொன்னார்.

அங்கே நிற்கப்போகிற ஒராள் அவர்தான். இதை சிவானி மிஸ் கட்டிலில் படுத்தபடியே உங்களுக்குச் சொல்லிவிட்டா என்று நேற்று என்னிடம் சொன்னீர்கள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் உடைந்துவிடுவேன் என்று எதிர்பார்த்தீர்கள். அதைத்தானே சொல்லப்போகிறேன்.

நான் அவரைக் கீழே விட்டு ஓடவில்லை. அடுத்த நாள் காலையில் முதல் வேலையாக மோட்டரைப் போட்டேன். தண்ணீர் வற்றியதும் நானே தவழ்ந்துபோய்க் கூப்பிட்டேன். வந்தார். ஓட்டை பழைய இடத்துக்கே போகிறது என்று அவருக்குப் பெரிய சந்தோஷம். அந்தத் துணியோடேயே என்னைக் கட்டிப்பிடித்தார். கூட வேலை செய்கிறவனைக் குழிக்குள் விட்டுவிட்டுப் போகிற ஆள் நான் இல்லை டொக்டர். நான் செய்ததில் எதை விட்டாலும் இதை எழுத மறக்காதீர்கள்.

பிறகு சேருக்குக் காய்ச்சல் வந்தது. வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குச் செவ்விளநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வெயில்ல நின்னதுதான் சேர்" என்றேன். முகத்தில் போட்டதும் சின்னம்மை என்று நினைத்தார்கள். இரண்டாம் தரம் வந்திருக்கிறது, அதிசயம் என்று மிஸ் சொன்னா. அப்போது அவவுக்கும் உடம்பு சுட்டது. அவர்களிடமிருந்து தொற்றியவர்கள் ஃபிளாட் வாட்ச்சர், லிஃப்ட்டில் கூட வந்த ஒரு அம்மா, த்ரீவீல்காரன் என்று நீங்கள் வரிசையாகச் சொன்னீர்கள். அவர்களை எனக்குத் தெரியாது. சேர் இறந்துபோய்விட்டார். மிஸ்ஸுக்குக் கண் தெரியுமா என்று இன்னும் சொல்ல முடியாது என்கிறீர்கள்.

அவர்கள் என்னை அங்கே விட்டுவிட்டு வரவில்லை என்று தெரிந்த பிறகாவது ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டீர்கள். துணியைக் கொளுத்தச் சொல்லியிருக்கலாமே, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கலாமே என்று. சொன்னால், உள்ளே கண்டுவிட்டு மறைத்தாயா என்று கேட்பார்கள். அதோடு அடுத்த தரம் அங்கே நிற்கப்போகிறவன் யார் என்பது முடிவாகிவிடும். அது ஒன்று.

இன்னொன்று இருக்கிறது. அதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. மிஸ்ஸுக்கும் தெரியாது, அவ அப்போது கீழே இறங்கிவிட்டா.

கடைக்குப் போகிற அன்று காலை, கிணற்று ஏணியில் காலை வைக்கும்போது சேர் என்னைப் பிடித்து நிறுத்தினார். "பாலன் அண்ணை, நேற்றே சொல்லியிருக்க வேணும். நான் இண்டைக்கு அங்கயே நிக்கப்போறன். நீங்கள் சிவானியைக் கூட்டிக்கொண்டு வந்து மோட்டரை நிப்பாட்டுங்கோ. நாளைக்குக் காலமை திரும்பப் போடுங்கோ" என்றார்.

"ஓட்ட தொறக்கலன்னா சேர்?"

"நீங்கள் இருக்கிறியள்தானே. உங்களை நம்பித்தான் நிக்கிறன்."

நான் அந்த வியாபாரியின் அறைக்குள் போவதற்கு முன்பே இது நடந்துவிட்டது. யார் நிற்கப்போவது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் உள்ளே போனேன், தெரிந்துகொண்டுதான் ஆள் இல்லை என்று சொன்னேன்.

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். நான் சொல்வதைக் கேளுங்கள். முதல் நாள் கொட்டிலில் கேட்டபோது எனக்குப் பயம் வரவில்லை, கணக்குத்தான் வந்தது. என்னை நம்புவதாக அவர் சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஒருவன் உன்னை ஏமாற்றுவான் என்றால் நீ ஏணியைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். உன்னை நம்புகிறேன் என்று ஒரு முதலாளி சொன்னால், எந்தப் பக்கத்தைப் பார்ப்பது? ஸாலிஹுக்கும் அந்த வார்த்தையைத்தான் சொன்னார்கள். இன்றைக்கு அவர் நின்றால் நாளைக்கு நான் நிற்க வேண்டும். அவர் எனக்காக நின்றது போல நானும் நிற்க வேண்டும், மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. அதைத்தான் அவர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம்.

இனித் துணி.

நாலாவது துணி சிவானி மிஸ்ஸின் கடைக்குப் போனது. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடையில் வேலை செய்கிற சாருஜா என்ற பிள்ளை அதை வாங்கி, உதறி, அயன் பண்ணினாள். என்ன மெல்லிசு என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அடுத்த கிழமை அதை ஒரு மணப்பெண்ணுக்குத் தோளில் போட்டுப் படம் எடுத்தார்கள். பிறகு வாடகைக்குப் போனது. பம்பலப்பிட்டியில் ஒரு கல்யாண ஹோல் என்று சாருஜா சொன்னாள். அதற்குப் பிறகு எத்தனை பேர் போட்டார்கள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும், கேட்கிற நிலையில் இருந்தால்.

எழும்பிவிட்டீர்கள். பரவாயில்லை, போய்ப் போன் எடுங்கள். பொலிஸ்காரரும் உங்களோடு ஓடுகிறார். நான் இருக்கிறேன்.

பார்த்தீர்களா. மூன்று என்று சொல்லிக்கொண்டிருந்த வரை ஒவ்வொரு நாளும் வந்து எதிரில் உட்கார்ந்தீர்கள், சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள். நாலு என்றதும் கதிரை காலி. போனை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். இதற்காகத்தான் இத்தனை நாளும் சொல்லவில்லை. கேட்க வேண்டியதெல்லாம் கேட்டு முடிந்தால், உள்ளே கிடக்கிறவன் எதற்கு?

வந்துவிட்டீர்கள். மூச்சு வாங்குகிறது உங்களுக்கு. கண்ணாடியில் கை வைத்திருக்கிறீர்கள்.

"நீங்க சொன்னது பெரிய விசயம் அண்ணன். ஒங்கள நாங்க இப்பிடியே விட்டுட்டுப் போக மாட்டோம். வேற ஏதும் இருந்தா சொல்லுங்க. ஒங்கள நம்பித்தான் இருக்கோம்."

அந்தச் சொல்லை மட்டும் நீங்கள் சொல்லியிருக்கக் கூடாது டொக்டர். ஐந்தாவது துணி யாரிடம் இருக்கிறது என்பதையும் இப்போது சொல்லத்தான் இருந்தேன்.